கூரையில் ஒட்டாத காந்தம்

ஏணியில் நின்றபடி என் கொழுந்தியாள் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப் புது ஆம்புலன்ஸின் கூரையில் வைத்தாள். அது ஒட்டவில்லை. மெல்லச் சறுக்கி, முன்கண்ணாடி வழியாக இறங்கி என் காலடியில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். வேறு இடத்தில் வைத்தாள், அங்கேயும் சறுக்கியது. வண்டி விற்றவர்களே வயர்லெஸ் செட்டும் பொருத்தி, கூரையின் நட்டநடுவில் நெட்டுக்குத்தலாக ஏரியல் கம்பியும் வைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நான் காலையிலேயே இரண்டு தடவை துடைத்து வைத்திருந்தேன்.

"மாமா, கூரை ஃபைபர்."

"நல்லதுதானே? துருப்பிடிக்காது."

"துருப்பிடிக்காது. பேசவும் பேசாது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அவளை ஊரில் எல்லோரும் வயர்க்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்ஸி, தண்ணி லாரி, தீயணைப்பு வண்டி என்று எதில் வயர்லெஸ் செட் வைக்க வேண்டுமானாலும் அவளைத்தான் தேடுவார்கள். முதலில் கேலியாக வைத்த பெயர். இப்போது போனை எடுத்ததுமே அவளே "வயர்க்காரி பேசறேன்" என்கிறாள். என் மனைவிக்கு நேர் இளையவள். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். அக்கா பேசிக்கொண்டே இருப்பாள், அதற்குச் சம்பளமும் வாங்குகிறாள், ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில். தங்கை வாயைத் திறந்தால் அதிசயம். ஆனால் திறந்தால் நான் தொலைந்தேன் என்று அர்த்தம்.

எங்கள் வண்டி போகும் பாதையில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்து வளைவு இருக்கிறது. அங்கே செல்போன் செத்துவிடும். போன மழைக்காலத்தில் அதைத் தாண்டியிருக்கும் வீடுகளிலிருந்து ஒரு பெரியவரை நெஞ்சுவலியோடு ஏற்றிக்கொண்டு வந்தேன். சரியாக அந்த வளைவில் பாறை சரிந்து பாதை அடைபட்டுப் போயிற்று. பழைய வண்டியின் பழைய செட்டில் கத்திக் கத்திப் பார்த்தேன். பதிலே இல்லை. பின்னால் இருந்த அவர் மகள், நடுவிலிருக்கும் சின்ன ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். என் குரல்தான் சரியில்லை, வேறு குரலில் கூப்பிட்டால் கேட்கும் என்று நினைத்தாளோ என்னவோ. மைக்கின் சுருள் வயர் அறுந்துவிடும்போல் இழுபட்டு நிற்க, "யாராவது இருக்கீங்களா? யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதை திறந்து வண்டி கீழே இறங்கியபோது அவர் போய்ச் சேர்ந்திருந்தார். அன்றைக்குக் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தது என் மனைவிதான். அவளுக்கு வந்தது வெறும் இரைச்சல். அதற்கப்புறம் பல நாள் சாப்பிடும்போது பாதியில் கையை நிறுத்திவிடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இப்போது மேலதிகாரி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். புது வண்டியிலிருந்து பள்ளத்து வளைவில் பேசினால் கன்ட்ரோல் ரூமில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்தப் பக்கம் இனி வண்டி அனுப்புவதில்லை, நோயாளியை அவர்களே மலையிறக்கம்வரை கொண்டுவந்து சேர்க்கட்டும். டிரைவர் உயிரும் உயிர்தானே என்று என்னைக் காட்டியே சொன்னார். எனக்கு அந்த மரியாதை வேண்டாம் என்று இருந்தது. அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து ஒரு கட்டிலைச் சுமந்துகொண்டு மலையிறக்கம்வரை நடந்து பார்த்தால் அவருக்குத் தெரியும்.

அதனால்தான் வயர்க்காரி வந்தாள். வந்தவள் செட்டைப் பார்க்கவே இல்லை. எங்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால் கிடந்த உடைசல் பீரோ ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்து, அதன் முதுகுத் தகட்டைக் கழற்றி எடுத்தாள்.

"பீரோ எதுக்கு?"

"கம்பிக்குக் கீழ தரை மாதிரி ஒரு இரும்புத் தகடு வேணும் மாமா. அந்தரத்துல நின்னுக்கிட்டு யாரால சத்தமா கூப்பிட முடியும்?"

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். அவசரம் என்பது அவள் உடம்பிலேயே இல்லை. தகட்டை வெட்டி, விளிம்பில் கை கிழியாதபடி அரத்தால் இழைத்து, வண்டிக்குள்ளே கூரை விளக்கைக் கழற்றிய துளை வழியாக அதை வளைத்து நுழைத்து, ஃபைபருக்கும் உள்கூரைக்கும் நடுவில் படுக்க வைத்தாள். ஏரியலின் அடிப்பாகம் வந்து கடிக்கும் இடத்தில் மட்டும் தகட்டின் பெயின்டை வட்டமாகச் சுரண்டி, வெள்ளிக்காசுபோலப் பளபளக்கும்வரை தேய்த்தாள். பிறகு பேனட்டைத் திறந்தாள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிவிட்டால் வேலை முடிந்ததே என்று நான் யோசனை சொன்னேன். அவள் சைரனைப் போட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை மிதித்துக் காட்டினாள். செட்டின் ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம்போல ஒன்று கூடவே ஏறியது, கூடவே இறங்கியது. "இதையும் சேர்த்துத்தான் அக்கா கேக்கணுமா?" என்றாள். பேட்டரியிலிருந்தே தனி வயர் இழுத்தாள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தாள். மற்ற வயர்கள் ஒரு பக்கமாகப் போக, இதை மறுபக்கமாகக் கொண்டுவந்தாள். ஓர் இடத்தில்கூட வயர் தொங்கவில்லை, இறுகவும் இல்லை. எத்தனையோ மெக்கானிக்குகளின் கையில் என் வண்டிகளைக் கொடுத்து வயிறு எரிந்திருக்கிறேன். அன்றைக்கு நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கடைசியில் செட்டுக்கும் ஏரியலுக்கும் இடையில் ஒரு மீட்டரை மாட்டினாள். நாம் பேசுவதில் எவ்வளவு வெளியே போகாமல் நம்மிடமே திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டராம். ஏரியல் கம்பியின் நுனியை அரிசி அகலத்துக்கும் குறைவாக வெட்டுவாள், மீட்டரைப் பார்ப்பாள், மறுபடி வெட்டுவாள். ஒரேயடியாக வெட்டிவிடக்கூடாதா என்றால், "வெட்டினதை ஒட்ட வைக்க முடியாது மாமா" என்றாள். முள் கீழே போய்ப் படுத்துக்கொண்டபோதுதான் கத்தரியைக் கீழே வைத்தாள்.

பிறகு என்னை சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு மைக்கை எடுப்பதுபோலக் கையை நீட்டச் சொன்னாள். என் கை போய் நின்ற இடத்தில் கொக்கியைத் திருகினாள். அதோடு விடவில்லை. அவள் பெட்டியிலிருந்து இன்னொரு மைக் வந்தது. அதைப் பின்பக்கம் நோயாளிக்குத் துணையாக வருபவர் உட்காரும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினாள். யாரும் கேட்காத வேலை. "இங்க இருக்கறவங்களுக்கும் எட்டணும்ல" என்றாள். அந்தப் பெண் மைக்கைப் பிடுங்கிய கதையை நான் எப்போதோ ஒரு தடவை சொன்னதோடு சரி. இவள் அதை மனசில் வைத்திருந்திருக்கிறாள்.

அவள் கைகழுவி டீ குடிக்கப் போனாள். கூரை விளக்கின் துளை இன்னும் திறந்தே இருந்தது. எட்டிப் பார்த்தேன். அந்தப் பளபளப்பு வட்டம் ஏரியல் திருகுக்கு அடியில் கொஞ்சம் தெரிந்தது. எனக்குப் பகீரென்றது. என் பழைய வண்டி கூரையில் ஒரே ஒரு திருகுப் பக்கத்திலிருந்துதான் துருவேறி வீணாய்ப் போனது. மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோத்தால் இதுவும் அந்தக் கதிதானே? கீறல் விழுந்தால் பூச என்று வண்டியில் எப்போதும் உடனே காயும் பெயின்ட் புட்டி ஒன்று வைத்திருப்பேன். திருகைத் தளர்த்தி, வட்டம் முழுக்க நன்றாகப் பூசி, காய்ந்ததும் மறுபடி இறுக்கிவிட்டேன். கொழுந்தியாளின் வேலைக்கு நம் பங்காக ஒரு மெருகு என்று மனதுக்கு நிறைவாகவே இருந்தது. அவள் திரும்பி வந்து விளக்கை மாட்டினாள். நான் கிளம்பலாமா என்றேன்.

பள்ளத்து வளைவில் வண்டியை ஓரம் கட்டினேன். அன்றைக்குப் பாறை விழுந்த இடத்தில் இப்போது புல் முளைத்திருந்தது. மைக்கை எடுத்தேன்.

"பள்ளத்து வளைவுக்கு வந்துட்டோம். எப்படிக் கேக்குது?"

கொஞ்சம் இரைச்சல். பிறகு என் மனைவியின் குரல், இரைச்சலுக்குள்ளிருந்து: "கேக்குது! தெளிவா கேக்குது!"

வயிற்றில் பாலை வார்த்தாள். நான் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தேன். வயர்க்காரி சிரிக்கவில்லை. ஸ்பீக்கர் பக்கமாகத் தலையைச் சாய்த்து, மீதி இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்குக் கேக்கல மாமா."

"கேக்குதுன்னு அவளே சொல்றா!"

"நீங்க இங்க வந்து இதைத்தான் கேப்பீங்கன்னு அவளுக்குத் தெரியும். கேக்கணும்னு காலையிலேருந்து உக்காந்திருக்கா. இரைச்சல் வந்தாலே உங்க பேச்சா கேட்டுரும். அவளுக்குத் தெரியாததா எதையாவது சொல்லுங்க."

இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாததாக என்னிடம் என்ன இருக்கிறது? கடைசியில் மைக்கை அழுத்தி, "இன்னிக்கு ராத்திரி நான்தான் சமைக்கப் போறேன்" என்றேன். அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரும் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

"சரி சரி, பாத்து மெதுவா இறங்குங்க" என்றது மனைவியின் குரல், சந்தோஷமாக.

என் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் குரல் கேட்காமல் போனவளுக்கு, இந்தத் தடவை கேட்டே ஆக வேண்டும். அதனால் கேட்டுவிட்டது. இதை நம்பி நான் வண்டியைக் கொண்டுபோயிருப்பேன். அடுத்த மழையில் இதே இடத்தில் மாட்டியிருப்பேன்.

வயர்க்காரி மீட்டரை மாட்டினாள். காலையில் கீழே படுத்திருந்த முள் இப்போது எழுந்து உச்சியில் நின்றது. பின்னால் போய் விளக்கைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையை வெளியே எடுத்தாள்.

"யாரு பூசினது?"

அசடு வழிந்தேன். துரு, ஈரம், பழைய வண்டி என்று நான் உளறியதை முழுக்கக் கேட்டாள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், சிரித்துவிட்டாள். "இவ்வளவு அக்கறையா இதுவரைக்கும் எவனும் என் வேலையைக் கெடுத்ததில்லை மாமா" என்றாள். திருகைக் கழற்றினாள், என் பெயின்டைச் சுரண்டினாள், மறுபடி வெள்ளிக்காசாகத் தேய்த்தாள். நடுவில் பெயின்ட் இருந்தால் கம்பி தகட்டைத் தொடாததுபோலத்தானாம். இறுக்கிய பிறகு திருகின் மேல் மெழுகுபோல ஒன்றைச் சுற்றிலும் அப்பினாள். ஈரத்துக்கு அதுதானாம். ஸ்டேஷனிலேயே பூசியிருப்பாளாம், டீ குடிக்கப் போன இடத்தில் மறந்துவிட்டதாம். அதுவும் தன் தப்புதான் என்று தானே சொல்லிக்கொண்டாள். முள் இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டது.

நான் மைக்கை எடுத்தேன். இந்தத் தடவை சொல்ல விஷயம் இருந்தது. "உன் தங்கச்சி சுரண்டின இடத்துல நான் பெயின்ட் அடிச்சுட்டேன்."

இரைச்சலே இல்லாத ஒரு நொடி. பிறகு, பக்கத்தில் நின்று கேட்பதுபோல: "என்னது, பெயின்டா? உங்களை யாரு அடிக்கச் சொன்னா?"

வயர்க்காரி முதல் தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்தாள்.

அதற்குள் வளைவைத் தாண்டியிருக்கும் மேட்டு வீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் நின்றால் யாருக்கு என்ன என்று வருவது வழக்கம். முன்னால் வந்தவளை அடையாளம் தெரிந்தது. அந்தப் பெரியவரின் மகள். யாருக்கும் ஒன்றுமில்லை, செட்டைச் சோதித்துப் பார்க்கிறோம் என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனால் போகவில்லை. திறந்திருந்த பின்கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் கைக்கெட்டும் உயரத்தில், புது மைக் தொங்கியது.

வயர்க்காரி இறங்கிப் போய் அதைக் கொக்கியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தாள். எப்படி அழுத்த வேண்டும் என்று சொல்லித்தரவில்லை. அந்தப் பெண்ணின் கட்டைவிரல் தானாகவே பட்டனுக்குப் போயிற்று. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், இறக்கினாள். மறுபடி கொண்டுபோனாள்.

"யாராவது இருக்கீங்களா?"

மெதுவாகத்தான் கேட்டாள். விரலை எடுத்தாள்.

"இருக்கேன்" என்றாள் என் மனைவி. யாரென்று அவளுக்குத் தெரியாது. "இருக்கேன்மா, சொல்லுங்க."

அந்தப் பெண் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுருள் வயர் இழுபடாமல் தளர்ந்து கிடந்தது. கூரைமேல் ஏரியல் கம்பி காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க, கேக்குது" என்றது குரல் மறுபடியும்.