ஒற்றைக் கையுறை

பச்சை ஹேசல் மரக் குச்சியை வளையமாக வளைத்து, முனைகளைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள் தாமசின். பக்கத்துப் பலகையில் அவள் தங்கை சிசிலி வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள். குளிப்பாட்டியாயிற்று, தலை சீவியாயிற்று, இனி காலையில் அடக்கம்தான். அடுத்த வீட்டு மார்ஜெரி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கஞ்சி கொண்டுவருகிற சாக்கில் வீட்டை ஒரு சுற்று நோட்டம் விட்டுப் போவது அவள் வழக்கம். மேசையில் குவிந்திருந்த வெள்ளைக் காகித ரோஜாக்களைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைக்க மறந்துபோனாள்.

"கிரீடமா கட்டுற?"

"பார்த்தா தெரியலையா அத்தை?"

"அது கன்னி கழியாம செத்த பொண்ணுக்குக் கட்டுறதுடி."

"என் தங்கச்சிக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு? சொல்லவே இல்லையே நீங்க."

மார்ஜெரி, செத்தவள் காதில் விழுந்துவிடும் என்று பயந்தவளாகக் குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காத. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஹம்ஃப்ரி பீர்க்கடையில சொன்னது எல்லாருக்கும் தெரியும். 'அந்தத் தோட்டத்துக்கு வேலியே கிடையாது'ன்னான். கடையே சிரிச்சுதாம்."

"உள்ள போய் பழம் பறிச்சது யாருன்னு சொன்னானா?"

"அதை எப்படிச் சொல்லுவான்? அவன் என்ன முட்டாளா?"

"அதான்," என்று தாமசின் அடுத்த குச்சியை எடுத்தாள்.

ஹம்ஃப்ரி முட்டாள் இல்லை. தண்ணீர் ஆலைக்காரரின் ஒரே மகன், இந்த வருஷம் கோயில் மணியக்காரனாகவும் ஆகியிருந்தான். போன அறுப்புக் காலத்தில் மாட்டுத் தொழுவத்தில் வைத்து சிசிலியின் கையைப் பிடித்து, "உன்னை என் பொண்டாட்டியா ஏத்துக்கிறேன்" என்று சொன்னவன். வாக்குக்கு அடையாளமாக ஒரு ஜோடி கையுறையும் கொடுத்தான். வெள்ளாட்டுக் குட்டித் தோல், மணிக்கட்டில் பச்சைப் பட்டு நூலால் இலைக்கொடி வேலை. அப்படிச் சொல்லிக் கைபிடித்தாலே பாதிக் கல்யாணம் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை, ஆனால் சாட்சி வேண்டும். இவர்களுக்குச் சாட்சியாக நின்றவை இரண்டு பசுக்கள். பிறகு ஆலையை ஒட்டி நிலம் வைத்திருந்த வீட்டுப் பெண் அவிஸை அப்பா காட்டினார், மகனுக்குத் தொழுவம் மறந்துபோயிற்று. எங்கே சிசிலி வாய் திறந்துவிடுவாளோ என்று முந்திக்கொண்டு பீர்க்கடையில் அந்தத் தோட்டக் கதையை அவிழ்த்துவிட்டான். அன்றிலிருந்து சிசிலி தொட்ட தயிரில் வெண்ணெய் திரளாது என்றார்கள் பெண்கள். கிணற்றடியில் அவள் வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். மாசிக் குளிரில் காய்ச்சல் வந்தபோது அதை எதிர்க்க வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இருக்கவில்லை.

கடைசியாக அவள் கேட்டது ஒன்றுதான். "அக்கா, நான் அவன் பொண்டாட்டிதான். ஊரு என்ன வேணா சொல்லட்டும். கையுறையை மாட்டி அனுப்பு."

மார்ஜெரி போனதும் தாமசின் அந்தக் கையுறைகளை எடுத்தாள். வலது கையுறையைத் தங்கையின் குளிர்ந்த கையில், விரல் விரலாக இழுத்து மாட்டினாள். இடது கையுறையைக் கிரீடத்தின் நடுவில் கட்டினாள். கன்னிக் கிரீடத்தில் கையுறை தொங்குவது வழக்கம்தான். 'இவள் மானத்தின் மேல் குறை சொல்பவன் முன்னால் வரட்டும்' என்று செத்தவள் சார்பில் ஊரை அழைக்கிற கை அது. எல்லோரும் காகிதத்தில் வெட்டித் தொங்கவிடுவார்கள். மூடுதுணியைத் தைத்து முடித்தபோது தாமசின் சத்தமாகவே சொன்னாள்: "நீ பொண்டாட்டியா போ. ஊருக்கு நான் வேற சொல்லிக்கிறேன். மன்னிச்சுக்கோ."

தான் செய்வது பொய் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கிரீடத்தின் மேலேயே அவளுக்குக் கோபம் இருந்தது. செத்த பெண்ணின் உடம்பைப் பற்றிக்கூட ஊர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமா? ஆனால் வேறு ஆயுதம் அவளிடம் இல்லை.

அடக்கத்துக்குப் பிறகு கிரீடம் தேவாலயத்தின் நடு உத்தரத்தில் தொங்கும். அடுத்த மூன்று ஞாயிறுகளிலும் மணியக்காரன் அதன் கீழே நின்று, மறுப்பு உண்டா என்று ஊரைக் கேட்க வேண்டும். யாரும் மறுக்காவிட்டால் குடும்பம் காட்டுகிற இடத்தில் அது என்றைக்கும் தேவாலயத்திலேயே இருக்கும். மறுப்பவன் எழுந்து காரணம் சொல்ல வேண்டும்.

முதல் ஞாயிறு பாதிரியார் ஹம்ஃப்ரிக்கும் அவிஸுக்கும் கல்யாண ஓலை வாசித்தார்; அதையும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். தடை ஏதும் உண்டா என்று அவர் கேட்டபோது தாமசின் வாயைத் திறக்கவில்லை. செத்தவள் எதற்குத் தடை? அதன் பிறகு ஹம்ஃப்ரி தன் முறைக்கு எழுந்து நடுவில் வந்தான், தலையை உயர்த்தினான். பச்சை இலைக்கொடி அவன் கண்ணுக்கு நேரே மெதுவாகத் திரும்பியது.

"இந்தக் கிரீடத்துக்கு உரியவள்..." என்று ஆரம்பித்தவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "கன்னியாக வாழ்ந்தாள், கன்னியாக இறந்தாள். இல்லை என்பவர் எழுந்து சொல்லலாம்."

பீர்க்கடையில் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள். அவன் போய் உட்கார்ந்துகொண்டான். பின்வரிசையில் யாரோ, "அப்ப அன்னிக்குச் சொன்னது புளுகா?" என்று முணுமுணுத்தது தாமசினுக்குத் தேனாக இனித்தது.

இரண்டாம் ஞாயிறும் அப்படியே போயிற்று. அந்த வாரம் அவள் ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது ஹம்ஃப்ரி வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவளுக்கு முன்னால் அவன் தொப்பி கழற்றியது அதுவே முதல் தடவை.

"தாமசின், அந்தக் கிரீடம் இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கையுறையை மட்டும் கழட்டிட்டு காகிதத்துல ஒண்ணு வெட்டிக் கட்டிடு."

"ஏன், தோல் கையுறை என் தங்கச்சிக்குப் பொருந்தாதா?"

"உனக்குத் தெரியும்ல."

"எனக்கு என்ன தெரியும்? யாரோ ஒரு நல்லவன் குடுத்தான்னு தெரியும். பேரு சொல்லு, ஞாயித்துக்கிழமை அவனுக்கு நன்றி சொல்லிடறேன்."

அவன் ஓடையைப் பார்த்தான். "அது பொய்க் கிரீடம். கடவுள் வீட்டுல பொய்யைத் தொங்க விட்டிருக்க."

"அப்ப எழுந்து சொல்லு. கேக்குற ஆளே நீதானே. 'உனக்கு எப்படிய்யா தெரியும்'னு பாதிரியார் கேப்பார், அதுக்கும் பதில் சொல்லு. செஞ்ச பாவத்துக்குத் தண்டனையா வெள்ளைத் துணியைப் போத்திக்கிட்டு, வெறுங்காலோட, கையில கோலைப் புடிச்சுக்கிட்டு எல்லார் முன்னாலயும் நில்லு. அவிஸு அப்பா முன் வரிசையில உக்காந்து பார்ப்பார்."

"அவ செத்துட்டா. இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

"நீ சாகற வரைக்கும் அதுக்குக் கீழ உக்காந்து ஜெபம் பண்ணணும். அவ்வளவுதான்."

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போனான். இத்தனை பயம் எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. கையுறை செய்தவன் பக்கத்து ஊர்ச் சந்தைக்காரன், அவன் வந்து அடையாளம் சொல்லப்போவதில்லை. பயப்படட்டும் என்று நினைத்து ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள்.

மூன்றாம் ஞாயிறு கூட்டம் வழிந்தது. கடைசி ஓலைக்கு வருகிற பெண் மாப்பிள்ளை கொடுத்த பரிசை அணிந்து வருவது வழக்கம், அதைப் பார்க்கவே பெண்கள் சீக்கிரம் வந்திருந்தார்கள். ஓலை வாசித்து முடிந்தது, தடை சொல்ல ஆளில்லை. ஹம்ஃப்ரி எழுந்தான், கேள்வியை வேகமாகக் கேட்டான், காத்திருந்தான். தூணருகே ஒருவர் இருமினார். அவன் உதடு ஒரு தடவை அசைந்தது, பிறகு மூடிக்கொண்டது.

"மறுப்பு இல்லை," என்றான்.

தாமசினின் நெஞ்சுக்குள் ஏதோ பெரிய கல் புரண்டு விழுந்தது. சிசிலிக்குத் தெரிந்தால் அழுவாள் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. தொழுவத்தில் நடந்த அந்தக் கல்யாணத்தை இன்றைக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து இல்லாமல் ஆக்கிவிட்டார்கள், அவனும் அக்காவும். உத்தரத்திலிருந்து இறக்கிய கிரீடத்தை நீண்ட கழியில் கோத்து, எங்கே மாட்டட்டும் என்று கல்லறைக்காரன் கேட்டான். இடத்தைச் சொல்வது குடும்பத்தாரின் உரிமை. ஆலைக்காரர் குடும்பம் உட்காரும் வரிசைக்கு நேர் மேலே இருந்த ஆணியைத் தாமசின் கைகாட்டினாள்.

கிரீடம் ஹம்ஃப்ரியின் தலைக்கு மேல் போய் நின்றது. மாப்பிள்ளை வீட்டு வரிசையில் இன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்திருந்த அவிஸ், எல்லோரையும் போல அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைக் குனிந்து தன் மடியைப் பார்த்தாள். அப்போதுதான் தாமசின் கவனித்தாள். அவிஸின் இரண்டு கைகளிலும் வெள்ளாட்டுக் குட்டித் தோல், மணிக்கட்டில் பச்சைப் பட்டு நூலில் அதே இலைக்கொடி.

தாமசினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாயை மூடிக்கொண்டாள். பாவம் அந்தப் பெண் என்றும் தோன்றியது, ஆனால் சந்தோஷம் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது.

பாதிரியார் கடைசி ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் தலை குனிந்தார்கள், அவிஸ் மட்டும் குனியவில்லை. இடது கையுறையைச் சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல் கழற்றினாள். அதைத் தனக்கும் ஹம்ஃப்ரிக்கும் நடுவில், பெஞ்சின் மேல், உள்ளங்கை மேலே பார்க்க வைத்தாள். வாசல் கதவு வழியாகக் காற்று வந்தது. மேலே தொங்கிய கையுறை உள்ளே காற்று புகுந்து உப்பி, ஐந்து விரலும் விரிந்து, அவன் உச்சந்தலைக்கு மேல் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.