கூட வந்தவர்

பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு, எழுதவேண்டிய கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார் ஆஸ்பத்திரி எழுத்தர்.

"இறந்தவர் கூட வந்தவங்க பேரு. இதுல போடுங்கம்மா."

தையல்காரரின் மனைவிக்குக் கை ஓடவில்லை. பக்கத்து நாற்காலியில், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அரண்மனைக் காவலாளிப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஆம்புலன்ஸில் கூடவே ஏறி வந்தவள், இன்னும் போகவில்லை. அவள் பார்க்க அந்தக் கட்டத்தில் எப்படிப் பேர் எழுதுவது?

காலையில் மகள்தான் இவளையும் தையல்காரரையும் பஸ் ஏற்றிவிட்டாள். அவள் வேலை பார்க்கும் ஊர் இது, தொட்டதெல்லாம் விலை. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "ரெண்டு பேரும் ஜோடியா சுத்திட்டு வாங்க. அரண்மனைய மட்டும் விட்டுடாதீங்க" என்றாள்.

ஜோடியாகச் சுற்றினால்தானே. நாற்பது வருஷம் மிஷின் மிதித்த மனுஷர். எந்தத் துணியைக் கண்டாலும் அவர் விரல் அதன் ஓரத்தைப் புரட்டிப் பார்த்துவிடும். பஸ்ஸில் முன்னால் நின்றவரின் கோட்டைப் புரட்டினார். கண்ணாடி வைத்த பெரிய துணிக்கடையில் பொம்மைக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, அதன் கால்சட்டையை உள்பக்கம் திருப்பினார். விற்கிற பெண் ஓடி வந்தாள்.

"சார், வாங்கறீங்களா?"

"வாங்கறதா? குடும்மா, பிரிச்சு ஒழுங்காத் தச்சுத் தரேன். இந்த விலைக்கு இப்படி ஒரு ஓரமா?"

கடைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மனைவிக்குக் காது மடல் வரை சுட்டது. தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"உங்களோட வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். இனி எங்கயாவது குனிஞ்சீங்கன்னா, நீங்க யாரோ, நான் யாரோ."

"சரிங்க, யாரோ அம்மா. கொஞ்சம் மெதுவாப் போங்க. மூச்சு வாங்குது."

இன்னொரு கடை வாசலில் நிற்க இது ஒரு சாக்கு என்று நினைத்தாள். நடையை எட்டிப் போட்டாள்.

அரண்மனையில் நீளமான கூடம். சிவப்புக் கயிறு கட்டி, அதற்கு அப்பால் ஆள் உயரத்துக்கு மேல் திரைச்சீலைகள். மெதுவாகப் பேசுகிற, நல்ல செருப்புப் போட்ட ஜனங்கள். இவள் பத்தடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தால், மனுஷர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் குத்த வைத்து உட்கார்ந்திருக்கிறார். திரையின் ஓரம் கையில். தலை குனிந்திருக்கிறது.

மானம் போச்சு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிரே ஒரு குதிரைப் படம். அதைப் பார்த்தாள்.

"ஐயா, அதத் தொடக்கூடாதுங்க" என்றது காவலாளியின் குரல். பிறகு, "ஐயா?"

பிறகு கூடத்துக்கே கேட்கும்படி, "இவர் கூட வந்தவங்க யாரு?"

இவள் குதிரையைப் பார்த்தாள்.

"யாருங்க இவர் கூட வந்தது?"

பக்கத்திலிருந்த வேறொரு கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்து, நம்மைச் சேர்ந்தவரில்லை என்பதுபோல் தோளைக் குலுக்கினார்கள். இவளும் இல்லை என்று லேசாகத் தலையாட்டினாள். ஆமாம், ஆட்டினாள். மூன்றாம் தடவை அந்தக் குரல் மாறியிருந்தது. நாலாம் தடவைதான் திரும்பினாள். அவர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். பிடித்த திரையை விரல்கள் விடவில்லை.

"என் வீட்டுக்காரரு" என்று அவள் பத்தடி தூரத்திலிருந்து சொன்னபோது, முழந்தாளிட்டிருந்த காவலாளி நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

"உடனே பாத்திருந்தா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டாள்.

"அதெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார் அவர்.

மகள் வேலைச் சீருடையோடேயே ஓடி வந்தாள். அழுது, மூக்கைத் துடைத்து, அம்மா கையிலிருந்த பேனாவை வாங்கி அவளே அந்தக் கட்டத்தை நிரப்பினாள்.

"அப்பா ஏதாவது சொன்னாராம்மா? நீ பக்கத்துல இருந்தியா?"

அம்மா வாயைத் திறந்தாள்.

"பக்கத்துலயேதாங்க இருந்தாங்க" என்றாள் காவலாளி. "கையப் புடிச்சுக்கிட்டு."

மகள் அவளைக் கும்பிட்டாள். உடனே போனை எடுத்தாள். "அத்தை... ஆமா அத்தை, அம்மா கையப் புடிச்சபடியே போயிட்டாராம்." அடுத்த போனில் கை, மடியாயிற்று. "மாமா, அம்மா மடியிலதான் மாமா. யாருக்குக் கிடைக்கும்?"

காவலாளி தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தாள். தையல்காரரின் மனைவி வாசல்வரை பின்னாலேயே போனாள்.

"எதுக்கும்மா அப்படிச் சொன்ன?"

காவலாளி திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரரோட வெளிய போனா, நானும் முன்னாடிதாங்க நடப்பேன்."

தெருவில் இறங்கி, கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

"அம்மா" என்று பின்னாலிருந்து மகள் போனை நீட்டினாள். "மாமா பேசறாரு. எப்படிப் போனாருன்னு நீயே உன் வாயால சொல்லு."

அம்மா உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. ஆள் நிற்பதை அறிந்து கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. சற்றுப் பொறுத்து, மூட வந்தது. அவள் நிற்பதைக் கண்டு மறுபடி திறந்தது.