படுக்கையறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

திங்கட்கிழமையிலிருந்து புருலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள். அதற்குள் பால் பொங்கி வழிந்திருக்கும்.

காது கேளாதவர்களுக்குச் சைகையில் மொழிபெயர்ப்பது அவள் வேலை. தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் நிலையம் அழைப்புகளைத் திருப்பிவிடும். அவள் கராகோலில் தன் வீட்டுப் பின்கட்டு அறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, இந்தப் பக்கம் கையாலும் அந்தப் பக்கம் வாயாலும் பேசுவாள். ஞாயிறு மாலை ஜிபெக் என்ற பெண்ணின் அழைப்பு வந்தது. அவளுடைய நான்கு வயது மகளுக்கு மறுநாள் குடலிறக்க அறுவை சிகிச்சை. "காலையில குழந்தைக்குப் பாலோ தண்ணியோ குடுக்கவே கூடாது" என்றாள் போனில் மருத்துவமனை நர்ஸ். காலை, பால், தண்ணீர் என்று புருலின் கைகள் சொல்லிக்கொண்டே வந்தன. சைகையில் ‘கூடாது’ கடைசியில்தான் வரும். அது வருவதற்குள் படம் உறைந்துவிட்டது. மறுபடி அசைந்தபோது ஜிபெக் தலையாட்டிக்கொண்டிருந்தாள். புரிந்துவிட்டது என்று புருல் எண்ணிக்கொண்டாள்.

மறுநாள் ஜிபெக் மகளுக்கு வயிறு நிறையப் பால் கொடுத்துத்தான் அழைத்துப் போனாள். சிகிச்சை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. அவள் கோபப்படவில்லை. ‘நான் கவனமாத்தான் பார்த்தேன்’ என்று மட்டும் திரும்பத் திரும்பக் கை காட்டினாள். வைதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது புருலுக்கு.

கோளாறு எங்கே என்பது அவளுக்குத் தெரியும். இணையம் முன்கட்டு நடைக்கூடத்தில் இருக்கும் பெட்டிக்கு வருகிறது. அவள் அறைக்கு வந்து சேர மூன்று மண் சுவர்களைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் கனம். முற்றத்தின் குறுக்கே இழுத்த கேபிளைப் போன குளிர்காலத்தில் கூரையிலிருந்து சரிந்த பனி அறுத்துப்போட்டது. தனி இணைப்பு கேட்டால், வசந்தத்தில் கம்பம் நட்ட பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.

முன்கட்டில் இருப்பவள் ஓரகத்தி சைராகுல். அவளோடு பேச்சு நின்று ஒரு வருடம் ஆகிறது. மாமனாரின் நினைவு விருந்தில் இறைச்சி பரிமாறியவள் புருல். மூத்த மருமகளுக்கு மரியாதையாகப் போக வேண்டிய வாலடி எலும்பை, அவசரத்தில், தன் பெரியம்மா தட்டில் வைத்துவிட்டாள். அன்று கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த சைராகுல் அதற்குப் பிறகு புருல் முகத்தைப் பார்க்கவில்லை. இருவரின் கணவன்மாரும் ஒரே லாரியில் வாரக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள். அவர்களுக்கு இதில் தலையிடத் தைரியமில்லை.

செவ்வாய்க்கிழமை புருல் சந்தைக்குப் போனாள். மின்சாமான் கடை தாவுத் குளிர்ந்த அஷ்லான்ஃபூ நூடுல்ஸ் கிண்ணத்தில் முகம் புதைத்திருந்தார்.

"வீட்டுக் கரண்டுக் கம்பியிலயே இன்டர்நெட்டக் கொண்டுபோற சாமான் இருக்காமே, அண்ணே?"

"பவர்லைன் அடாப்டரா? ஜோடியா வரும். ஒண்ணு இன்டர்நெட் பெட்டிகிட்ட, இன்னொண்ணு உங்க ரூம்ல." உதட்டைத் துடைத்துக்கொண்டு மூன்று அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்தார்.

புருல் ஆயிரத்து இருநூறு மெகாபிட் என்று எழுதியிருந்ததன் மேல் கை வைத்தாள். "இதுதான் வேகமா?"

"அட்டையில வேகம். வீட்டுல இருக்கிறது பழைய அலுமினியக் கம்பிதானே? அதுல இதுவும் நொண்டும், அதுவும் நொண்டும். உங்களுக்கு என்ன, சினிமா பாக்கவா?"

"இல்லண்ணே. படம் ஒரு நொடிகூட நிக்கக் கூடாது. வேகம் கம்மியா இருந்தாலும் சரி."

"அப்ப அறுநூறே யதேஷ்டம். எடுத்துப் போங்க. ஒத்து வரலைன்னா மூணு நாளுக்குள்ள மாத்திக்கலாம்."

சைராகுல் வெளியே போயிருந்த நேரம் பார்த்து நடைக்கூடத்தில் ஒன்றைச் சொருகிவிட்டு, தன் அறைக்கு ஓடி மற்றதைச் சொருகினாள். சிவப்பு விளக்கு. பிடுங்கினாள், ஊதினாள், மறுபடி சொருகினாள். சிவப்புதான். தாவுத்துக்குப் போன் போட்டாள்.

"உங்க வீட்டுக்கு மூணு ஃபேஸா வருது?"

"ஆமா, மாமனார் போட்டது."

"அதான் சங்கதி. நடைக்கூடம் ஒரு ஃபேஸ், உங்க ரூம் வேற ஃபேஸ். உங்க ரூமோட சுவிட்ச மீட்டர் பெட்டியில எறக்குங்க. முன்கட்டுல எந்த ரூம் சேர்ந்து அணையுதோ, அங்கதான் சொருகணும்."

புதன் காலை வரை பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. முற்றத்து மீட்டர் பெட்டியைத் திறந்து நடு சுவிட்சை இறக்கினாள். பின்கட்டு விளக்கு அணைந்தது. முன்கட்டுச் சமையலறையில் வெளிச்சம் அப்படியே இருந்தது. கூடத்திலும் இருந்தது.

"எவ அது என் கரண்டப் புடுங்குனவ?"

சைராகுல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு புருல் காதில் விழுந்த முதல் வார்த்தை அதுதான்.

"அக்கா, உங்க பெட்ரூம்லயா போச்சு?"

"வேற எங்க போகும்? சூட்டு மெத்தை போட்டுப் படுத்திருக்கேன், இடுப்பு அறுந்து விழுது. ஒரு வருஷமா வாயத் தொறக்கல, இப்ப கரண்டு வழியாப் பேச வந்துட்டியா?"

"வேணும்னு செய்யலக்கா. உங்க பெட்ரூம் பிளக் பாயிண்ட் எனக்கு வேணும்."

"என்னது?" சைராகுலுக்குச் சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "விட்டா கட்டிலயும் கேப்பே."

புருல் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். நர்ஸ் சொன்னது, ‘கூடாது’ போய்ச் சேராதது, குழந்தை பால் குடித்தது, நாளை நான்கு மணிக்கு அதே நர்ஸ் மறுபடி கூப்பிடப்போவது. சொல்லும்போதே கைகளும் தம்மை அறியாமல் சைகை காட்டின. சைராகுல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல சுவிட்சப் போடு" என்றாள் கடைசியில். "அப்புறம் உள்ள வா. செருப்பக் கழட்டிட்டு வா."

படுக்கையறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் சூட்டு மெத்தை. "இதப் புடுங்கினா நான் எந்திரிக்க முடியாது. தெரிஞ்சுக்கோ."

எக்ஸ்டென்ஷன் பலகை வைத்து இரண்டையும் சொருகலாமா என்று புருல் மறுபடி தாவுத்திடம் ஓடினாள். அவர் தலையிலடித்துக்கொண்டார். "பலகையில சொருகினா சிக்னல்ல பாதி அங்கயே செத்துரும். அடாப்டர் நேராச் செவுத்துல இருக்கணும். இந்தாங்க, இது மொகத்துலயே ஒரு பாயிண்ட் வச்சது. மெத்தைய அதுல சொருகுங்க. மெத்தை கம்பியில போடுற இரைச்சலையும் இது வடிகட்டிரும். இத மொதல்லயே கேட்டிருக்கலாம்ல?"

"மொதல்ல அவங்ககிட்ட நான் பேசலையே அண்ணே."

நடைக்கூடத்துப் பெட்டியிலிருந்து படுக்கையறை வரை பத்து மீட்டர் கேபிள். புருல் குனிந்து கம்பளத்தின் ஓரமாக அதை ஒதுக்கிக்கொண்டு போக, சைராகுல் படுத்தபடியே அதட்டினாள். "கதவுக்கடியில இறுக்காத. அந்தப் பக்கம், அந்தப் பக்கம்டி." விருந்தைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. பின்கட்டில் விளக்கு பச்சையானது. ஆனாலும் அன்று முழுவதும் புருல் அரைமணிக்கொரு தடவை போய் அது பச்சைதானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழன் மூன்றரை மணிக்கு முன்கட்டில் தூசி உறிஞ்சும் இயந்திரம் உறுமியது. விளக்கு மஞ்சளாகித் துடித்தது. புருல் செருப்பில்லாமல் முற்றத்தைத் தாண்டி ஓடினாள்.

"அக்கா, நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"உனக்காகத்தான் கூட்டறேன், உன் கேபிள் மேலெல்லாம் குப்பை..." என்று தொடங்கியவள் புருலின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள். "போ. அஞ்சு மணி வரைக்கும் எதையும் தொட மாட்டேன். போடி."

நான்கு மணிக்கு ஜிபெக்கின் முகம் வந்தது, மடியில் மகளும். நர்ஸ் சொல்லச் சொல்லப் புருல் காட்டினாள். இந்தத் தடவை முறையை மாற்றினாள்: ‘கூடாது’ முதலில், பிறகு பால், பிறகு தண்ணீர், முடிவில் மறுபடி ‘கூடாது’. படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை. அதுவும் போதவில்லை அவளுக்கு. ‘நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்’ என்றாள். ஜிபெக் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். கடைசியில் அந்தச் சின்னப் பெண்ணும் அம்மாவைப் பார்த்து ‘கூடாது’ என்று உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

வெள்ளி மதியம் ஒன்றரைக்கு ஜிபெக் அனுப்பிய படத்தில் குழந்தை கட்டுப்போட்ட வயிற்றோடு தூங்கிக்கொண்டிருந்தது. புருல் போனை எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனாள். சைராகுல் படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்காளாமா?"

"நல்லா இருக்காக்கா."

"சரி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

புருல் கிண்ணத்தைக் கையில் வாங்கி ஒரு மிடறுதான் குடித்தாள். பின்கட்டிலிருந்து கணினி கூப்பிட்டது. எழுந்து ஓடினாள். திரையில் முன்பின் தெரியாத ஒரு கிழவர், பேருந்து நிலையத்துக்காரர்கள் மேல் கடும் கோபத்தில், அவள் உட்காருவதற்குள்ளாகவே இரண்டு கைகளையும் வீசிப் பேசத் தொடங்கியிருந்தார்.