கால் அங்குலம் குறைந்த நட்சத்திரம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் வேலை, வருகிறவர்களின் இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பது. ஒரு நாளில் இருபது பேரின் மூச்சு அவள் முகத்தில் படும். அதில் ஒருவருக்கும் அவள் வீடு எங்கே என்று தெரியாது. இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அவள் கதவைத் தட்டியவர்கள் இரண்டே பேர்: மின்கணக்கு எடுப்பவர், வீடு தவறி வந்த ஒரு பார்சல்காரர்.

நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஒட்டுத்துணிப் போர்வை வகுப்பில் அவள் சேர்ந்தது போர்வைக்கு ஆசைப்பட்டு அல்ல. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு நட்சத்திரச் சதுரம், எல்லாம் சேர்ந்து ஒரே போர்வை. அது ஆளுக்கு ஒரு மாதம் இருக்கும். மாதம் முடிந்ததும் வைத்திருப்பவர் அடுத்தவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சதுரம் சேராதவருக்கு மாதமும் கிடையாது.

ஏழு வாரம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தைத்தாள்.

சேர்க்கும் நாளன்று டீச்சர் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அவளுடையதைச் சுற்றிக் கீழே இருந்ததன் விளிம்பு எட்டிப் பார்த்தது.

"கால் அங்குலம் குறையுதே! தையலுக்கு எவ்வளவு விட்டே?"

"ஏழு மில்லிமீட்டர், டீச்சர். கணக்குப்படி ஆறும் சொச்சமும். குறைஞ்சா பிரிஞ்சிடுமேன்னு ஏழாக்கிட்டேன்."

ஒவ்வொரு தையலும் ஒரு மயிரிழை கூடுதலாக விழுங்கியிருக்கிறது. ஐந்து தையல் தாண்டுவதற்குள் கால் அங்குலம் போய்விட்டது.

"கண்ணாடிக் கடைக்காரம்மாவுக்கே ஒரு கண்ணாடி போடணும் போல!" என்றார் வகுப்பில் தைக்க வரும் பஸ் டிரைவர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

"சின்னதுதான் அளவு. மத்த பதினொண்ணையும் இதுக்குச் சமமா நறுக்கிடலாம்." டீச்சர் கத்தரியைத் தேடினார்.

ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி இருந்தாள், எல்லோருக்கும் பெரியக்கா. அவள் தன் சதுரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "நறுக்கினா நட்சத்திர முனையெல்லாம் மொட்டையாயிடும் டீச்சர். இதுக்காக நாலு தடவை பிரிச்சுத் தைச்சிருக்கேன்."

'என்னோட சின்ன சதுரத்தையே எடுத்துடறேன்' என்று அவளுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் யாரும் தடுக்கப்போவதில்லை என்பதும் தெரிந்தது.

"என்னோடதைச் சுத்தி ஒரு பட்டை வெச்சுத் தரட்டுமா? அரை மணி நேரம் குடுங்க."

எல்லோரும் பேரன் பேத்திக் கதை பேசிக்கொண்டிருக்க, அவள் முதுகு காட்டி உட்கார்ந்து தைத்தாள். தீக்குச்சிக் கனத்தில் ஒரு சாம்பல் நிறப் பட்டை. அளவு பொருந்தியது. சதுரங்களைச் சேர்த்துப் பரப்பியபோது மற்ற நட்சத்திரங்கள் முனையோடு முனை உரசிக்கொண்டிருந்தன. அவளுடையது மட்டும் யாரையும் தொடாமல் இருந்தது.

சீட்டுக் குலுக்கினார்கள். அவளுக்குப் பன்னிரண்டாவது மாதம். பதினொன்றாவது பெரியக்காவுக்கு.

"உன் வீடு எங்க கண்ணு?"

"மூணாவது மாடிக்கா. லிஃப்ட் இல்லை."

"ஐயையோ! என் முட்டி தாங்காது. கீழ நின்னு குரல் குடுக்கறேன், வந்து வாங்கிக்கோ."

வேறு எதற்கென்றாலும் 'சரிக்கா' என்றிருப்பாள்.

"இல்லக்கா, நீங்க மேல வரணும். ரெண்டாவது மாடித் திருப்பத்துல நாற்காலி போட்டு வைக்கிறேன். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்க."

பெரியக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னும் பதினோரு மாசம் கிடக்கே. அதுவரைக்கும் முட்டி என்கிட்ட இருந்தா பாக்கலாம்."

வீடு திரும்பியபோது இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றாள். யாரோ அட்டைப்பெட்டிகளைச் சுவர் மறையும்வரை அடுக்கியிருந்தார்கள். தினமும் ஒருக்களித்துக் கடந்துபோகும் இடம்தான். நாற்காலி இருக்கட்டும், ஒரு முக்காலிக்குக்கூட இடமில்லை.

பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த கதவைத் தட்டினாள். உள்ளே டிவி சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினாள்.