திக்காத தனசேகர்

மண்டபத்து வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்ததுமே ரோஹிணி நின்றுவிட்டாள். செத்துப்போனது அவள் அப்பா தனசேகர். ஃப்ளெக்ஸில் முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றவனோ அண்ணன் மோகன்ராஜ், கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சட்டையில், இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு. அப்பாவுக்கு மேல்மூலையில் போனால் போகிறதென்று ஒரு வட்டம். அடியில் தெலுங்கிலும் தமிழிலும் பாசமிகு கணவர், பொறுப்பான தந்தை, அன்புத் தாத்தா என்று அச்சடித்திருந்தார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உண்மைகூட இவன் கைபட்டால் பிசுபிசுத்துப் போகிறதே என்று அவளுக்கு எரிந்தது.

மோகன்ராஜுக்குச் சித்தூரில் மனை வாங்கி விற்கிற தொழில். வருகிற கார்ப்பரேஷன் எலக்‌ஷனில் வார்டுக்கு நிற்க வேண்டும் என்று ஆசை. கருமாதி முடிந்த கையோடு ஒரு நினைவுக் கூட்டம் போட்டு, கட்சிக்காரர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தான். சொந்தக்காரர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சோபாவெல்லாம் முன்வரிசைக்கு.

தனசேகருக்குத் திக்குவாய். அவசரத்தில் நாக்குக் குழறுகிற திக்கல் இல்லை, மனுஷனின் தாடையையே பிடித்துக்கொண்டு விடாத திக்கல். சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் பாய்லர் பார்த்தார். அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதாலேயே அந்த வேலையை விடாமல் வைத்திருந்தார். ரோஹிணி திருப்பதியில் காலேஜ் படித்தபோது அவளைப் பார்க்க வருவார். கண்டக்டரிடம் ‘திருப்பதி’ என்று சொல்ல வராது. ‘தி’யிலேயே நின்றுவிடும், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அதனால் காளஹஸ்தி பஸ்ஸாகப் பார்த்து ஏறி, வாய்க்கு வசதியான ரேணிகுண்டாவுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, முன்னாலேயே திருப்பதியில் இறங்கிவிடுவார்.

அப்படிச் சுற்றுவழி தேடுகிறவர் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் தேடியதில்லை. அவர் பெண்டாட்டியின் பெயர் காஞ்சனா. ‘கா’ அவருக்குப் பரம விரோதி. தெருவில் மற்ற ஆம்பளைகளைப் போல ‘ஏய்’ என்றோ ‘இந்தா’ என்றோ கூப்பிட்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவர் மாட்டார். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு, முழுப்பெயரையும் சொல்லி முடிப்பார். அம்மாவும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு, அவர் முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் ‘இன்னாங்க’ என்பாள். ஒருநாளும் அவருக்காக அவள் முடித்துக் கொடுத்ததில்லை. அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்து, அவள் துணியைத் துவைத்துக் காயப்போட்டு, தலைபின்னி விட்டவர் அவர். நர்ஸ் நோயாளி பெயர் கேட்டதற்கு அவர் திக்க, பின்னால் நின்ற கும்பல் சிரிக்க, அதற்கும் அசராமல் பெயரைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

மோகன்ராஜுக்கு மட்டும் அவரால் தலைகுனிவு. பள்ளிக்கூடத்துக்கு வராதே என்பான். தன் கல்யாணப் பேச்சின்போது, சம்பந்திக்காரர்கள் எதிரில் வாயைத் திறக்க வேண்டாம், தலையை மட்டும் ஆட்டு என்று சொல்லிக் கூட்டிப் போனான். அவரும் ஆட்டினார். பெற்ற பிள்ளை சந்தோஷமாக இருந்தால் சரி.

இப்போது திருப்பதியில் ஒரு லேபில் வேலை பார்க்கும் ரோஹிணிக்கு ஒரே பெண், நந்திதா. மூன்றாவது படிக்கிறாள். தாத்தாவின் மூக்கோடு தாத்தாவின் திக்கலும் அவளுக்கு வந்திருந்தது. வகுப்பில் வரிசையாக வாசிக்கச் சொல்லும்போது டீச்சர் அவளை மட்டும் தாண்டிப் போவாள். பரிதாபமாம். அந்தப் பரிதாபத்தில் குழந்தை கூனிக் குறுகிப்போனாள். அவள் பயமில்லாமல் பேசியது தாத்தாவிடம் மட்டும்தான். தினமும் சாயங்காலம் அவர் வாட்ஸப்பில் பேசி அனுப்புவார், இவள் பேசி அனுப்புவாள். இரண்டு பேரும் திக்கித் திக்கி, சிரித்து, திரும்பவும் திக்கி ஒரு கதையை முடிப்பதற்குள் ரோஹிணி குழம்பையே இறக்கிவிடுவாள்.

அவர் போனதிலிருந்து நந்திதா பேச்சையே நிறுத்திவிட்டாள். எதற்கும் தலையாட்டல்தான். ரோஹிணிக்குப் பகீரென்றது. ஒரு தலைமுறை தலையாட்டியது போதாதா?

அந்தச் சமயத்தில்தான் மோகன்ராஜ் போன் செய்து, கூட்டத்தில் அப்பா குரலைப் போடப் போவதாகவும், அவர் பேசி அனுப்பியதையெல்லாம் தனக்கு அனுப்பும்படியும் கேட்டான். ரோஹிணிக்குக் கண் கலங்கியது. பரவாயில்லை, அண்ணனுக்கும் புத்தி வந்துவிட்டது என்று எல்லாவற்றையும் அனுப்பினாள். நந்திதாவிடம் சொன்னபோது குழந்தை நெடுநேரம் யோசித்தாள். பிறகு, தாத்தா இறந்த பிறகு முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“எ... எல்லார் முன்னாடியும் தா... தாத்தா பே... பேசுவாரா? அப்போ நா... நானும் பேசறேன்.”

தாத்தாவைப் பற்றி நாலு வரி. தானே யோசித்து, அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மோகன்ராஜிடம் சொன்னதற்கு, பெரிய பெரிய ஆள்களெல்லாம் வருகிறார்களே, பாப்பாவுக்கு எதற்குக் கஷ்டம் என்று இழுத்தான். ரோஹிணி விடவில்லை.

கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து தனசேகரைப் புகழ்ந்து தள்ளினார்கள். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கிற வரை நின்று கேட்டவன் அவர்களில் ஒருவன் கிடையாது. பொறுமை கெட்டுப் பாதியிலேயே நழுவியவர்கள், அவர் வாயசைவை நடித்துக் காட்டிச் சிரித்தவர்கள், இன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார்கள். ரோஹிணி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நந்திதா உதட்டுக்குள்ளேயே தன் நாலு வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் மேகம் விலகியது, ஏழுமலை தெரிந்தது. மலையிலிருந்து பட்டுவேட்டியும் அங்கவஸ்திரமுமாகத் தனசேகர் இறங்கி வந்தார். ஆயுசில் அவர் பட்டு உடுத்தியதில்லை. பாய்லர் சூட்டில் கருத்த முகத்தை மாவு பூசினாற்போல் வெளுக்கவைத்திருந்தார்கள். அவர் கை கூப்பினார். பேசினார்.

“அனைவருக்கும் வணக்கம். நான் எங்கேயும் போகவில்லை. காஞ்சனா, நீ கண்கலங்கக் கூடாது. என் மகன் மோகன்ராஜை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன். அவனை ஆசீர்வதியுங்கள்.”

அதே குரல்தான். ஆனால் எங்கும் நிற்கவில்லை, எங்கும் முட்டவில்லை. ரேடியோவில் விளம்பரம் படிக்கிறவன்போல் வழவழவென்று ஓடியது. மண்டபமே கைதட்டியது. முன்வரிசையில் ஒரு தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீடியோ செய்த கிரண்குமார் எழுந்து நின்று கும்பிட்டான். ரோஹிணிக்கு அருவருப்பில் உடம்பு கூசியது. பிணத்தைக் குளிப்பாட்டலாம், இப்படியா?

அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. “இந்தாளு என்னக் கூப்புடல,” என்றாள். “எம்பேர இவ்ளோ சுளுவா அவரு ஒருநாளும் சொன்னதில்ல.” முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

விளக்கு எரிந்ததும் ரோஹிணி நேராக அண்ணனிடம் போனாள்.

“இன்னா பண்ணி வெச்சிக்கீற நைனாவ?”

“ஏன், நல்லாத்தானே வந்துகீது?” அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. “அவ்ளோ பெரிய மனுசங்க முன்னாடி அவரத் திக்க வுட்டு, நாலு பேரு சிரிக்கணும்ன்றியா? கடைசியா அவருக்கு ஒரு மரியாத பண்ணிக்கீறேன்.”

“நீ வெக்கப்பட்டத அவரு வாய்ல பூசி வுட்டிருக்க.”

அவன் பதில் சொல்வதற்குள் மைக்கில் நந்திதாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். ரோஹிணி திரும்பிப் பார்த்தாள். குழந்தை எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்து இறுக்கியிருந்தாள். மறுபடியும் கூப்பிட்டார்கள். மெதுவாகத் தலையை ஆட்டினாள், வரமாட்டேன் என்று.

மோகன்ராஜ் மைக்கை வாங்கினான். “சரி வுடு பாப்பா. தாத்தாவே எல்லாத்தையும் சொல்லிட்டாரு,” என்றான். கூட்டம் செல்லமாகச் சிரித்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பாதி நாற்காலிகள் காலியாயின. பந்தியில் இடம் பிடிக்க, கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்தத் தலைவர்தான் முதலில் ஓடினார்.

ரோஹிணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். செருப்புகள் குவிந்து கிடந்த படிக்கட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் நந்திதாவை உட்காரவைத்து, அவள் எதிரில் ரோஹிணி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நந்திதா எதையோ சொல்ல முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

“தா... தாத்தாவுக்கு எ... எப்போ சரியாச்சி?”

“சரியாவலடா கண்ணு,” என்றாள் ரோஹிணி. “அது தாத்தா இல்ல. கம்ப்யூட்டர்ல பண்ணது. பொய்யி. தாத்தா உன்ன மாதிரிதான் பேசுவாரு, கடைசி வரைக்கும் அப்டித்தான் பேசினாரு. அதுதான் நல்லா இருந்துச்சி.”

நந்திதா அதை யோசித்தாள். உள்ளே இலை போடுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பவும் வாயைத் திறந்தாள். வெகுநேரம் ஆனது.

“ஆ... ஆனா அ... அதுக்குத்தானேம்மா எ... எல்லாரும் கை தட்னாங்க?”