கழன்று வரும் தாங்கி

பழைய இரும்புக் கட்டிலின் காலை அறுத்துக்கொண்டிருந்த பட்டறைக்கார நிவால்தோ, ரம்பத்தை நிறுத்திவிட்டு ஒடாலிஸைப் பார்த்தான்.

"தாங்கி கழண்டு வரணுமா? ஊரே எஞ்சின் விழாம இருக்கணும்னு சைக்கிளோட வெல்டு வச்சுக்கிட்டுப் போகுது. உனக்கு மட்டும் கழலணுமாக்கும்."

"வெல்டு வச்சதாலதான் எஞ்சினைப் பிடுங்கினப்போ சைக்கிளும் சேந்து போச்சு. நீ அறு."

நாங்கள் ரிக்கிம்பிலி என்று சொல்லும் அந்த வண்டி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது: சைக்கிள், அதன் பின்சக்கரத்தை உரசி உருட்ட கொசுமருந்து இயந்திரத்திலிருந்து கழற்றிய எஞ்சின், கைப்பிடியில் பெட்ரோல் பாட்டில். அது சட்டப்படி கூடாது என்று போலீஸ் சொல்லும். போன மாதம் பாலத்தில் ஒடாலிஸுடையதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் புருஷன் எலியேசர் இடுப்பு உடைந்து, பாலத்துக்கு அப்பால் பயாமோ ஆஸ்பத்திரியில் கிடந்தான். அங்கே படுக்கை கொடுப்பார்கள், வைத்தியம் பார்ப்பார்கள். வாய்க்கு ருசியாகச் சோறு வேண்டுமென்றால் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். பஸ் நின்று வெகுகாலம். குதிரை வண்டி பாலத்தோடு திரும்பிவிடும். அவள் போகாத நாட்களில் அவன் பக்கத்துக் கட்டில்காரனின் மீதியைத் தின்றான் என்று கேள்விப்பட்டபோது, அண்ணனின் பழைய சைக்கிளையும் வேறொரு எஞ்சினையும் வாங்கி வந்து நிவால்தோவின் முற்றத்தில் வைத்தாள்.

கட்டில் இரும்பில் எஞ்சினுக்கு ஒரு தாங்கி, அதை இறுக்க இரண்டு பிடிகள். ஒவ்வொன்றிலும் கையாலேயே திருகக் காது வைத்த நட்டு. முதல் ஓட்டத்தின் அதிர்வில் நட்டுகள் தாமாகச் சுழன்று, எஞ்சின் என் வாசலிலேயே சரிந்தது.

"பாத்தியா, கழண்டு வந்துடுச்சு. கேட்டது கிடைச்சுதா?" என்றான் நிவால்தோ.

அவள் காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி, அங்கேயே வெட்டி, பிடிக்கும் இரும்புக்கும் நடுவே வைத்துத் திருகினாள். ஒற்றைச் செருப்போடு தெருக்கோடிவரை ஓட்டித் திரும்பினாள். நட்டு அசையவில்லை.

மறுநாள் நான் குதிரை வண்டியில் பாலத்தருகே இறங்கும்போது, அவள் ஓரமாக நின்று எஞ்சினைக் கழற்றி, ஈரச் சாக்கில் சுற்றி, முன்கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள். கைப்பிடியில் சூப்புத் தூக்கு ஆடியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேரே போலீஸ்காரனிடம் போனாள். அதே பையன்தான், போன மாதம் அவள் வண்டியைப் பிடுங்கியவன்.

"சாக்குல என்ன?"

"மரவள்ளிக் கிழங்கு."

"ஆவி வருதே அம்மா."

"புதுசாப் பிடுங்கினது."

வண்டிக்காரன் சிரித்துவிட்டான். போலீஸ்காரன் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தான். அவன் கை நீட்டுவதற்குள் அவளே சாக்கை அவிழ்த்தாள்.

"சரி, பாரு. இது எஞ்சின். இது சைக்கிள். ரெண்டும் ஒட்டலை. கூடையில இரும்பு வச்சுக்கிட்டு நடக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"அந்தப் பக்கம் போய் எஞ்சினை மாட்டுவே."

"மாட்டுவேன். அவருக்கு இன்னிக்குச் சூடா சூப்பு போகணும்."

"அந்தப் பக்கமும் என் காவல்தான்."

"அப்போ கூட வா. நட்டு திருகும்போது ஒரு கை பிடி."

அவள் திரும்பிப் பார்க்காமல் தள்ளிக்கொண்டு போனாள். பாலம் நீளமானது, வெயில் அதன்மேல் தட்டையாகக் கிடந்தது. அந்தக் கோடியில், எல்லார் கண்முன்னே, எஞ்சினைத் தாங்கியில் வைத்து நிதானமாகத் திருகினாள். பின்னால் போன போலீஸ்காரன் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டான். அவள் மிதிக்கத் தொடங்கினாள். எஞ்சின் இருமி, மறுபடி இருமி, பிடித்துக்கொண்டது. அவன் விசிலை எடுத்து வாயில் வைத்தான். கன்னங்கள் உப்பியபடியே இருந்தன, விசில் சத்தம் மட்டும் வரவில்லை. புகை அவனைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது.