மருமகளின் வீட்டுச்சாமான்

இராசலிங்கத்தாருக்குச் சுங்கச் சட்டம் தெரியாது. ஆனால் சுங்கத்தைப் பேய்க்காட்டி ஏமாற்றத் தெரியும் என்று அவருக்கொரு நினைப்பு. ஜெர்மனியின் டோர்ட்மண்டிலிருந்து ஊருக்குப் பெட்டி அனுப்பும் எங்கள் ஆட்களில் பலருக்கு அந்த நினைப்பு உண்டு. தண்ணீர்ப் பம்பி போனாலும் தையல் மெசின் போனாலும் பெட்டிக்கு மேலே ‘பாவித்த வீட்டுச்சாமான்’ என்று எழுதிவிடுவார்கள். மனிதர் இம்முறை அதே வித்தையை மறுபக்கமாகச் செய்திருந்தார். யாழ்ப்பாணத்தில் செய்வித்து இங்கே இறக்கிய அவருடைய வீட்டுச்சாமான், மூன்று மாடி உயர இரும்புச் சிகரம்.

கோயில் திருவிழாவுக்கு மின்விளக்குச் சோடனை கட்டுவதற்கான சிகரம் அது. கோண இரும்புச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டி எழுப்பினால் தொலைபேசிக் கம்பனிக்காரரின் கோபுரம் மாதிரி நிற்கும். இராசலிங்கத்தார் கோயில் நிர்வாகசபைத் தலைவர். நான் சிவகௌரி, ஒரு சரக்கு முகவர் நிறுவனத்தில் சுங்கப் பத்திரம் போடுகிறவள். இன்ன சாமான் இன்ன இலக்கத்தில் அடங்கும், அதற்கு இவ்வளவு வரி என்று பார்த்துப் பதிவது என் வேலை. தலைவர் மகன் நிலக்சனோடும் மருமகள் கவிசாவோடும் வந்து, கேட்காமலே என் முன்னால் உட்கார்ந்தார். மருமகளுக்குக் கதிரை இல்லை. நான்தான் எழும்பிப் போய் ஒன்று எடுத்து வந்தேன்.

“தங்கச்சி, இதை வீட்டுச்சாமான் எண்டு போடுங்கோ. பிள்ளை கலியாணம் கட்டி ஊரில இருந்து வந்தவ. அவவின்ர சாமான்.”

“அண்ணை, இது கோபுரம்.”

“பூட்டினால்தானே கோபுரம்? இப்ப கழட்டின வெறும் இரும்பு.”

கழற்றிக் கட்டிக் கொண்டுவந்தால் கோபுரம் கோபுரமில்லாமல் போய்விடும் என்று இவருக்கு எந்த மடையன் சொன்னானோ தெரியாது. துண்டு துண்டாக வந்தாலும் முழுச் சாமானுக்குரிய இலக்கம்தான். அதோடு, எந்தச் சட்டம் எதோடு பூட்டுப்படும் என்று ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்றால் எழுதி அனுப்பியிருந்தார்கள். கண் தெரியாதவன்கூடத் தடவிப் பார்த்துக் கோபுரம் என்று சொல்லிவிடுவான்.

“குடிபெயர்ந்து வாற ஆள் குறைஞ்சது ஆறு மாசமாவது தன்ர வீட்டில பாவிச்ச சாமானாயிருக்க வேணும், அண்ணை. இதைக் கவிசா என்னத்துக்குப் பாவிச்சவ?”

அதற்கும் மறுமொழி வைத்திருந்தார். “உடுப்புக் காயப்போட்டவ.”

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அவரையும் ஒரு பொருட்டாக மதித்ததாகிவிடும்.

கவிசாவின் பெயரில் நிரப்பிய வீட்டுச்சாமான் வரிவிலக்கு விண்ணப்பத்தை மேசையில் வைத்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்தப் பிள்ளை வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். பொய்ப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தால் வழக்கு அவள் பெயரில்தான் வரும், வீசா நீட்டிக்கப் போகிற இடத்திலும் அவளுக்கு முன்னால் போய் நிற்கும். இதை அவளைப் பார்த்தே தமிழில் சொன்னேன். மாமனாரின் முகம் கறுத்தது. நிலக்சன் கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பிறகு அவருக்கு உண்மையைச் சொன்னேன். “அண்ணை, இரும்புக் கோபுரத்துக்கும் இப்பிடிச் சட்டம் பூட்டின கம்பத்துக்கும் தனி இலக்கம் இருக்கு. அதுக்குச் சுங்க வரி சைபர். கடைக்காரர் எல்லாரும் கட்டுற விற்பனை வரியை மட்டும் கட்டினால் காணும்.”

“சைபரோ?”

“ஓம். சைபர்.”

சந்தோசப்படுவார் என்று பார்த்தேன். நானும் ஒரு மடச்சிதான். சுங்க வரி இல்லை என்றதும் மனிதர் வீடுவளவை ஆரோ எழுதி வாங்கிக்கொண்டு போனது மாதிரி இருந்தார்.

“அது சரிவராது, தங்கச்சி” என்றார். “விற்பனை வரிக்குச் சபையில காசு இருக்கு. தலைவரின்ர கெட்டித்தனத்தால கோயில் சுங்கத்தில இருந்து தப்பிச்செண்டு சபையில சொல்லி, எனக்குப் பொன்னாடையும் போத்திப்போட்டினம். இனி ஆரும் கட்டத் தேவையில்லாத வரியெண்டால் நான் என்னத்தைத் தப்பவைச்சனான்? எழுதினபடியே இருக்கட்டும்.”

இல்லாத வரியை ஏய்த்ததற்கு ஒரு பொன்னாடை. அதைக் காப்பாற்ற ஒரு பொய். பொய்க்குக் காவல் நிற்க ஊரிலிருந்து ஒரு பெண். “நான் இதைப் பதியமாட்டன்” என்றேன்.

“நீங்கள் இல்லாட்டி வேற ஆள் பதியும். பிள்ளையின்ர கையெழுத்து இருந்தால் காணும். வையம்மா.”

பேனாவை அவள் பக்கமாகத் தள்ளினார். கவிசா அதை எடுத்தாள். எடுத்தவள் தாளைப் பார்க்காமல் மாமனாரைப் பார்த்தாள்.

“சுங்க வரியே இல்லையெண்டால் நான் ஏன் மாமா பொய் சொல்லோணும்?”

“வீட்டு மானம், பிள்ளை.”

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அப்போதும் அவள் அவனை நம்பியிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. நிலக்சன் இங்கே பிறந்து வளர்ந்தவன், வங்கியில் வேலை, அந்தப் பத்திரத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு விளங்கும்.

“ஒரு கையெழுத்துத்தானே” என்றான். “போடுமன். அப்பா இவ்வளவு சொல்லுறார்.”

“அப்ப நீங்கள் போடுங்கோ. உங்கட சாமானெண்டு எழுதுவம்.”

“எனக்கு ஏலாது. சுங்க வழக்கொண்டு பதிஞ்சால் பாங்கில வேலை போயிடும்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். கைத்தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான். கவிசா அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“எனக்கு வந்தால் பறவாயில்லை, என்ன?” என்று மெல்லக் கேட்டாள்.

அவள் பேனாவை மூடி என்னிடம் தந்தாள். “அக்கா, உள்ளதை எழுதுங்கோ. வேற ஆரும் என்ர பேரில பதிஞ்சால் அது நானில்லையெண்டு சொல்லுங்கோ.” பிறகு தன் மேற்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். யன்னல் வழியே பார்த்தேன். அவர்களுடைய கார் நின்ற பக்கம் போகாமல் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள்.

நிலக்சன் எழும்பப் பார்த்தான். தகப்பன் அவன் கையைப் பிடித்து இருத்தினார். அவனும் இருந்தான்.

“அது கிடக்கட்டும், தங்கச்சி” என்றார் இராசலிங்கத்தார். “இப்ப நான் சபையில என்னத்தைச் சொல்லுறது?”